இரவு 2 மணிக்கு உங்கள் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது?

இன்டர்வியூ பேனலில் உட்காரும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பைத்தான் ஸ்கிரிப்ட்லேர்ந்து ஒரு லினக்ஸ் கமாண்டை எப்படி ஓட்டுவீங்க?" பதில் சட்டென்று வரும்: "ஓஎஸ் டாட் சிஸ்டம் சார்." கொஞ்சம் தயாராகி வந்தவர் "சப்பிராசஸ் மாட்யூல்" என்பார். சரி, அடுத்த கேள்வி. "அந்தக் கமாண்ட் ஃபெயில் ஆனா உங்க ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்?" இந்த இடத்தில்தான் அறையில் ஏசி ஓடும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

முதல் கேள்விக்கான பதிலை ஏஐ டூல் இரண்டு நொடியில் எழுதித் தந்துவிடும். அதற்காக யாரும் உங்களுக்குக் கூடுதல் சம்பளம் தரப்போவதில்லை. ஆஃபர் லெட்டர் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. சப்போர்ட், டெவ்ஆப்ஸ், டேட்டாபேஸ் அட்மின், டெஸ்டிங் என்று எந்தப் பக்கம் போனாலும் தினசரி வேலையில் பெரும்பங்கு, யாரோ எழுதிய கமாண்டுகளை வரிசையாக ஓட்டி ஒட்டவைப்பதுதான். உங்களோடு சேர்ந்தவருக்கும் அதே சர்டிஃபிகேட் இருக்கிறது, அதே பைத்தான் தெரியும். கமாண்ட் உடையும்போது யாருடைய ஸ்கிரிப்ட் மானத்தைக் காப்பாற்றுகிறது என்பதை வைத்துத்தான் இனி உங்கள் இருவரையும் பிரித்துப் பார்ப்பார்கள்.

1. எக்ஸிட் கோடை மனப்பாடம் செய்யுங்கள்

லினக்ஸில் ஒவ்வொரு கமாண்டும் முடியும்போது 0 முதல் 255 வரை ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் நலம். மற்றவை தொந்தரவு. இதோடு நின்றுவிடாதீர்கள். 127 வந்தால் அந்தப் பெயரில் கமாண்டே இல்லை. 126 வந்தால் ஃபைல் இருக்கிறது, ஓட்ட அனுமதி இல்லை. 130 என்றால் யாரோ கன்ட்ரோல் சி அடித்திருக்கிறார். 137 என்றால் 128 கூட்டல் 9, அதாவது பிராசஸைக் கொன்றிருக்கிறார்கள். கன்டெய்னரில் இது வந்தால் முதலில் மெமரியைச் சந்தேகப்படுங்கள். இதையே பைத்தானின் சப்பிராசஸ் மைனஸ் 9 என்று காட்டும். இந்த நான்கு எண்களைத் தடுமாறாமல் சொல்பவர் புரொடக்‌ஷன் சர்வரைத் தொட்டிருக்கிறார் என்று பேனலுக்குப் புரிந்துவிடும்.

"0 இல்லையென்றால் ஃபெயில்" என்பதும் பாதி உண்மைதான். கிரெப் எதுவும் கிடைக்காவிட்டால் 1 தரும், உண்மையான கோளாறுக்கு 2 தரும். டிஃப் கமாண்டும் அப்படியே: வித்தியாசம் இருந்தால் 1, சிக்கல் என்றால் 2. ஆர்சிங்க் 24 தந்தால், காப்பி ஓடிக்கொண்டிருந்தபோதே சில ஃபைல்கள் மறைந்துவிட்டன என்று அர்த்தம். லைவ் சர்வரில் அது சகஜம். விண்டோஸின் ரோபோகாப்பி இன்னும் வேடிக்கை. ஃபைல்கள் ஒழுங்காகக் காப்பி ஆனால் 1 தரும். 8-ம் அதற்கு மேலும்தான் தோல்வி. இது தெரியாமல் எழுதிய ஸ்கிரிப்ட், காப்பி வெற்றியாகும் ஒவ்வொரு நாளும் தோல்வி என்று டிக்கெட் போடும். ஒரு கமாண்டை உங்கள் ஸ்கிரிப்டுக்குள் இழுக்கும் முன் அதன் மேன் பேஜில் எக்ஸிட் ஸ்டேட்டஸ் பகுதியை மட்டுமாவது படியுங்கள். இரண்டு நிமிட வேலை.

ஓஎஸ் டாட் சிஸ்டம் ஆட்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. கமாண்ட் 1 என்று தோற்றால், லினக்ஸில் அந்த ஃபங்ஷன் உங்கள் கையில் தருவது 256. அதை அப்படியே சிஸ் டாட் எக்ஸிட்டுக்குக் கொடுத்தால், 8 பிட்டில் 256-க்கு இடம் இல்லாததால் வெளியே போவது 0. தோல்வி வாசலைத் தாண்டும்போது வெற்றியாகிவிடுகிறது! ஷெட்யூலர் பச்சை விளக்கு காட்டும். சப்பிராசஸ் டாட் ரன் பயன்படுத்துங்கள், செக் என்ற ஆர்க்யுமென்டை ட்ரூ ஆக்குங்கள். அதைப் போடாவிட்டால், கமாண்ட் தோற்றாலும் ரன் வாயைத் திறக்காது.

2. பைப் பொய் சொல்லும்

இது நான் அடிபட்டுக் கற்றது. என் முதல் கம்பெனியில் டேட்டாபேஸ் பேக்கப் ஸ்கிரிப்ட் என் பொறுப்பு. டம்ப் கமாண்டின் அவுட்புட்டை ஜீஜிப்புக்குப் பைப் செய்து, எக்ஸிட் கோட் 0 என்றால் "பேக்கப் ஓகே" என்று மெயில். ஒரு நாள் பாஸ்வேர்ட் மாற்றினார்கள். டம்ப் கமாண்ட் லாகின் ஆகாமல் அன்றிரவிலிருந்தே தோற்றது. ஆனால் பாஷ் ஷெல் ஒரு பைப்லைனில் கடைசிக் கமாண்டின் எக்ஸிட் கோடைத்தான் எடுத்துக்கொள்ளும். கடைசியில் இருந்த ஜீஜிப்புக்கு ஒரு குறையும் இல்லை. வெறுமையை அழகாகச் சுருக்கி, தினமும் ஒரு ஃபைல் வைத்தது. ஒவ்வொன்றும் சரியாக 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜீஜிப் சுருக்கினால் வரும் அளவு அது. இன்றும் 20 என்ற எண்ணை ஃபைல் லிஸ்டில் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ஆடிட்டுக்காக ரெஸ்டோர் டெஸ்ட் கேட்டார்கள். அதனால் பிழைத்தேன். டேட்டா போகவில்லை, அந்த வருட அப்ரைசல் போனது.

மருந்து சின்னது. பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் "செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்" என்ற வரி. அதோடு நிற்காமல், ஃபைல் அளவு நேற்றையதில் பாதிக்கும் கீழே போனால் கத்தும்படி ஒரு செக். எக்ஸிட் கோட் கமாண்டின் வாக்குமூலம் மட்டுமே. சாட்சி வேறு வேண்டும்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் என்ஜினியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அது கொஞ்ச நாளாகவே எடுக்கப்படவில்லை. சர்வரில் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6. பேக்கப் ஸ்கிரிப்ட் கூப்பிட்டதோ 9.2 பதிப்பின் டம்ப் கமாண்டை. அது எரர் சொல்லிவிட்டு வெளியேறியிருக்கிறது. எரரைச் சொல்ல வேண்டிய க்ரான் மெயில்களை மெயில் சர்வர் நிராகரித்திருக்கிறது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் ஆறு மணி நேர டேட்டாவோடு சேதம் நின்றது. இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். தேடிப் படியுங்கள். இன்டர்வியூவில் "நீங்க சமீபத்துல படிச்ச போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எது?" என்று கேட்டால் சொல்ல ஒன்று கையில் இருக்கும்.

3. கமாண்டை வாக்கியமாகக் கொடுக்காதீர்கள், லிஸ்டாகக் கொடுங்கள்

"ஜனவரி அறிக்கை" என்று ஒரு ஃபைல். நடுவில் ஸ்பேஸ். கமாண்டை ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தால், ஷெல் அதை ஜனவரி, அறிக்கை என்று இரண்டு ஃபைலாக வெட்டும். அது அப்பாவித்தனமான கேஸ். ஃபைல் பெயரை வெப்சைட்டில் யாரோ டைப் செய்கிறார் என்று வையுங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு செமிகோலனும் ஒரு டெலிட் கமாண்டும் சேர்த்து அனுப்பினால், உங்கள் சர்வர் அதையும் கீழ்ப்படிந்து ஓட்டும். செக்யூரிட்டி டீம் இதை கமாண்ட் இன்ஜெக்‌ஷன் என்பார்கள். ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் இருக்கும்.

பைத்தானில் "ஷெல் ஈக்வல் ட்ரூ" போடாமல், கமாண்டையும் ஆர்க்யுமென்டுகளையும் லிஸ்டாகக் கொடுத்தால் நடுவில் ஷெல்லே வராது. பெர்லிலும் சிஸ்டம் ஃபங்ஷனுக்கு லிஸ்ட் கொடுக்கலாம். நோட் ஜேஎஸ்ஸில் எக்ஸெக் ஷெல் வழியாகப் போகும், எக்ஸெக்ஃபைல் போகாது. கோ மொழியில் இந்த வம்பே இல்லை, தானாக ஷெல்லைக் கூப்பிடாது. பாஷிலேயே எழுதினால், எல்லா வேரியபிளையும் டபுள் கோட்ஸுக்குள் வையுங்கள்.

கோட்ஸ் போட்டும் தப்பாத கதை ஒன்று. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் கேம் புரோகிராமின் ஸ்கிரிப்ட், யூசர்களின் சொந்த ஃபைல்களை அழித்துவிட்டதாகப் புகார் வந்தது. ஸ்கிரிப்ட் தான் இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் செய்யும். கண்டுபிடிக்கும் வேலை தோற்றதும் வேரியபிள் காலி. காலிக்குப் பின்னால் ஒரு ஸ்லாஷ், ஒரு ஸ்டார். சேர்த்துப் படித்தால், ரூட்டிலிருந்து எல்லாம். அந்த வரிக்கு மேலே எழுதியவரே "ஸ்கேரி" என்று கமென்ட் போட்டிருந்ததுதான் உச்சம். பயந்தவர் பாதுகாப்பு போட்டிருக்கலாம்: பாஷில் வேரியபிள் பெயரோடு கோலனும் கேள்விக்குறியும் சேர்த்தால், காலியாக இருக்கும் பட்சத்தில் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். "செட் மைனஸ் யூ" போதாது. அது வேரியபிளே இல்லாவிட்டால்தான் கத்தும், காலியாக இருந்தால் சும்மா இருக்கும். இந்த வித்தியாசத்தைச் சொன்ன ஒரு கேண்டிடேட்டை நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

4. தொங்கும் ஸ்கிரிப்ட், செத்த ஸ்கிரிப்டைவிட மோசம்

செத்தால் அலர்ட் வரும். தொங்கினால் காலை வரை யாருக்கும் தெரியாது. நான் அடிக்கடி பார்க்கும் காரணங்கள் இரண்டு, கூடவே தொங்காமலே ஏமாற்றும் ஒன்று.

ஒன்று, பைப் நிரம்புவது. லினக்ஸில் ஒரு பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். நீங்கள் பைத்தானின் பிஓபன் மூலம் ஒரு கமாண்டைத் தொடங்கி, அவுட்புட்டைப் பைப்பில் விட்டு, படிக்காமல் வெயிட் என்று உட்கார்ந்தால், பைப் நிரம்பியதும் அந்தக் கமாண்ட் "நீ படி, அப்புறம் எழுதுறேன்" என்று நிற்கும். நீங்கள் "நீ முடி, அப்புறம் படிக்கிறேன்" என்று நிற்பீர்கள். குறுகலான பாலத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு லாரிகள். டெஸ்ட் சர்வரில் அவுட்புட் நாலு வரிதான் என்பதால் ஓடியிருக்கும். புரொடக்‌ஷனில்தான் மானம் போகும். ரன் ஃபங்ஷனோ கம்யூனிகேட் மெத்தடோ பயன்படுத்தினால் தானாகப் படித்துக்கொள்ளும்.

இரண்டு, யாரும் இல்லாத நேரத்தில் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும் கமாண்ட். எதைக் கூப்பிட்டாலும் டைம்அவுட் கொடுங்கள். லினக்ஸில் டைம்அவுட் என்றே ஒரு கமாண்ட் உண்டு, நேரம் தாண்டினால் 124 தரும். பைத்தானில் ரன்னுக்கே டைம்அவுட் ஆர்க்யுமென்ட் இருக்கிறது. ஆனால் ஷெல் வழியாக ஓட்டியிருந்தால் அது ஷெல்லை மட்டும் கொல்லும். ஷெல் பெற்ற பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கலாம். லிஸ்டாகக் கொடுங்கள் என்பதற்கு இன்னொரு காரணம்.

மூன்று, எஸ்எஸ்ஹெச் லூப். இது தொங்காது, அரைகுறையாக முடித்துவிட்டு நல்ல பிள்ளைபோல் 0 தரும். சர்வர் பெயர்கள் உள்ள ஃபைலை வரிவரியாகப் படித்து ஒவ்வொன்றிலும் ஒரு கமாண்ட் ஓட்டுவீர்கள். பத்து சர்வரில் முதல் சர்வரோடு நின்றுவிடும். மீதி ஒன்பது பெயரையும் எஸ்எஸ்ஹெச் தனக்கு வந்த இன்புட் என்று நினைத்து விழுங்கியிருக்கும். எஸ்எஸ்ஹெச்சுக்கு "மைனஸ் என்" கொடுத்தால் தீர்ந்தது. "லூப் ஏன் ஒரு தடவைதான் ஓடுது?" என்று டீமில் யாராவது தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது போகிற போக்கில் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள். அதன்பிறகு சந்தேகம் கேட்க உங்கள் டெஸ்க்குக்குத்தான் வருவார்கள்.

5. "என் மெஷின்ல ஓடுச்சே!"

க்ரானில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு உங்கள் லாகின் சௌகரியங்கள் எதுவும் கிடையாது. பாத் வேரியபிளில் பெரும்பாலும் இரண்டே டைரக்டரிதான் இருக்கும். அதனால்தான் கையால் ஓட்டினால் ஓடியது இரவில் 127 தருகிறது. கமாண்டுகளுக்கு முழுப் பாத் கொடுங்கள், அல்லது ஸ்கிரிப்டின் தலையிலேயே பாத்தை அமைத்துவிடுங்கள். லொகேல் செட்டிங்கும் இருக்காது. தமிழில் பெயர் வைத்த ஃபைல்களைக் கையாளும் அலுவலகங்களில் இருப்பவர்கள் இதை முதல் நாளே சோதித்துவிட வேண்டும். யூடிஎஃப்-8-ல் தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் 3 பைட். "கி" என்ற ஒரே எழுத்து இரண்டு குறி, 6 பைட். லினக்ஸில் ஃபைல் பெயருக்கு உச்சவரம்பு பொதுவாக 255 பைட் என்பதால், தமிழில் 85 குறியோடு கணக்கு முடிந்தது. அரசாணைத் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக வைப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

6. எந்த மொழி?

இந்தக் கேள்வியை வைத்து கேன்டீனில் சண்டை போடுங்கள், மீட்டிங்கில் போடாதீர்கள். மேனேஜருக்கு வேண்டியது, நீங்கள் லீவில் இருக்கும் நாளில் அந்த ஸ்கிரிப்டை இன்னொருவர் திறந்து சரிசெய்ய முடியுமா என்பதுதான். என் அளவுகோல் இது.

நாலைந்து கமாண்டை வரிசையாக ஓட்டும் வேலைக்கு ஷெல். கணக்கு, ஜேசன், சிக்கலான கண்டிஷன் என்று வந்துவிட்டால் பைத்தான். கூகுள் வெளியிட்டிருக்கும் ஷெல் ஸ்டைல் கைடே 100 வரியைத் தாண்டினால் வேறு மொழிக்கு மாறச் சொல்கிறது. எனக்கு 60 வரியிலேயே கை அரிக்கும். ஷெல் என்றால் எந்த ஷெல் என்றும் கேளுங்கள். உபுண்டுவில் எஸ்ஹெச் என்று கூப்பிட்டால் 2006-லிருந்து வருவது டேஷ், பாஷ் கிடையாது. மேக்கில் இருக்கும் பாஷ் லைசென்ஸ் காரணமாக 3.2-லேயே நிற்கிறது, 2019-லிருந்து அங்கே டிஃபால்ட் ஜீஷெல். ஆல்பைன் கன்டெய்னரில் பாஷும் இருக்காது, பைத்தானும் இருக்காது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் என்று தெளிவாக எழுதுங்கள், ஷெல்செக் டூலில் ஒருமுறை ஓட்டுங்கள். இலவசம்தான்.

விண்டோஸ் சர்வர், அஷ்யூர் பக்கம் போகிறவர்கள் பவர்ஷெல் கற்றே ஆக வேண்டும். 2006-ல் வந்தது, 2016-லிருந்து லினக்ஸிலும் ஓடுகிறது. அதன் பைப்பில் போவது வெறும் டெக்ஸ்ட் கிடையாது, முழு ஆப்ஜெக்ட். நெடுவரிசையை எண்ணி வெட்டும் தலைவலி போய்விடும்.

பெர்ல்? 1987-ல் லாரி வால் எழுதிய மொழி. புதிதாக அதில் எழுதாதீர்கள். ஆனால் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய சிஸ்டங்களில் பெர்ல் ஸ்கிரிப்டுகள் இன்னும் ஓடுகின்றன, அவற்றைத் தொடுவதற்கு டீமில் எல்லோரும் பயப்படுகிறார்கள். எல்லோரும் பயப்படும் இடத்தில் ஒருவர் கை தூக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ல் சப்போர்ட் முடிந்தது. அதை 3-க்கு மாற்றும் வேலை எங்காவது மிச்சம் இருந்தால் கேட்டு வாங்குங்கள், ரெஸ்யூமேயில் ஒரு வரி உறுதி.

இன்னொன்று: வெளிக் கமாண்டே தேவையா என்று யோசியுங்கள். பைத்தானுக்குள் உட்கார்ந்துகொண்டு எல்எஸ் கமாண்டை ஓட்டி, அவுட்புட்டை வெட்டி ஃபைல் பெயர் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாத்லிப் எதற்கு இருக்கிறது? ஒரு லட்சம் வரிக்கு ஒரு லட்சம் தடவை கிரெப்பைக் கூப்பிட்டால் ஒரு லட்சம் பிராசஸ் பிறந்து சாகும். அதற்காக ஆர்சிங்க் செய்யும் வேலையைப் பைத்தானில் நீங்களே எழுத உட்காராதீர்கள். பல வருடம் அடிபட்ட டூல் அது. உங்களுடையதற்கு வயது இரண்டு நாள்.

7. செய்தது தெரிய வேண்டும்

நல்ல ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் ஓடும். சத்தமில்லாத வேலைக்கு ஹைக் வராது. ஆகவே, ஸ்கிரிப்ட் எந்தக் கமாண்டை எப்போது ஓட்டியது, எக்ஸிட் கோட் என்ன, எத்தனை நொடி என்று ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் லாகில் ஒரு வரி எழுதச் செய்யுங்கள். எரர் அவுட்புட்டைத் தூக்கி எறியாதீர்கள். அலர்ட் மெயிலிலேயே அதன் கடைசி சில வரிகள் வரட்டும். டெலிட், ஓவர்ரைட் செய்யும் ஸ்கிரிப்ட் என்றால் டிரை ரன் ஆப்ஷன் வையுங்கள். ரிவ்யூவில் மேனேஜர் முன்னால் அதை ஓட்டிக் காட்டும்போது கிடைக்கும் மரியாதையே தனி.

ஸ்கிரிப்டை உங்கள் ஹோம் டைரக்டரியில் பதுக்கி வைத்தால் வேலை பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். தப்புக் கணக்கு. பதுக்கியவரைப் புரமோட் செய்ய முடியாது, அந்த ஸ்கிரிப்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லையே! கிட்டில் போடுங்கள், உங்கள் பெயரில் கமிட் இருக்கட்டும், மூன்று வரி ரீட்மீ எழுதுங்கள். நீங்கள் பகிராவிட்டால் பக்கத்து சீட்காரர் அதைச் சற்று மாற்றித் தன் பெயரில் டெமோ காட்டுவார். பார்த்திருக்கிறேன்.

ரெஸ்யூமேயில் "பாஷ், பைத்தான் தெரியும்" என்று எழுதாதீர்கள். எல்லோரும் எழுதுகிறார்கள். என்ன வேலையை ஆட்டோமேட் செய்தீர்கள், முன்பு எத்தனை நிமிடம், இப்போது எத்தனை, எந்தத் தோல்வியை அது முதலில் பிடித்தது என்று எழுதுங்கள். குறுக்குக் கேள்வி வந்தால் நிற்கும் எண்களாக இருக்கட்டும். ஏஐ டூல் எழுதித் தந்த ஸ்கிரிப்டா? தப்பில்லை. ஒவ்வொரு வரியையும் விளக்க முடியாவிட்டால் கமிட் செய்யாதீர்கள். இரவு 2 மணிக்கு போன் வரப்போவது உங்களுக்குத்தான்.

நாளைக் காலை ஆபீஸ் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை டெஸ்ட் சர்வருக்குக் காப்பி செய்து, அது கூப்பிடும் ஒரு கமாண்டின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஓட்டிப் பாருங்கள். லாகில் 127 (ஷெல் இல்லாமல் ஓட்டும் பைத்தான் என்றால் ஃபைல்நாட்ஃபவுண்ட் எரர்) வர வேண்டும், அலர்ட் வர வேண்டும். "வெற்றி" என்று மெயில் வந்தால், அப்ரைசல் ஃபார்மைத் திறக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.